குரல் இல்லாத பாடகருக்கு உடுத்திவிட்ட மாலை

ஓய்வுபெற்ற பிறகும் இலையுதிர்காலம் வந்தால் என் கால் சும்மா இருப்பதில்லை. செப்டெம்பர் பிறந்து, நகரத்தின் விளம்பரத் தூண்களில் புதிய நாடகங்கள், மியூசிக்கல்கள், ஓபராக்களின் சுவரொட்டிகள் ஏறியதும், பேருந்துத் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாக நின்று வாசிப்பேன். யார் பாடுகிறார், உடுப்பு யார் வடிவமைத்தது, பிரீமியர் என்றைக்கு என்று பார்க்காவிட்டால் அன்றைய சோறு இறங்காது. என் மனைவி றெஜினா மரக்கறிப் பையோடு தூரத்தில் நின்று சத்தம் போடுவாள்.

"அங்க என்ன உங்கட படமே போட்டிருக்கு? வாங்கோ, பஸ் வருது!"

என் படத்தை எந்தக் காலத்திலும் போடமாட்டார்கள். நான் நகர அரங்கில் ஆண்கள் பகுதியில் 'அன்கிளைடர்' ஆக வேலை செய்தவன். பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும் உடுப்பை எடுத்துவைத்து, உடுத்திவிட்டு, காட்சிக்கு நடுவே மேடைப் பக்கத்து இருட்டில் மாற்றிவிட்டு, கடைசியில் கழற்றி எடுத்துக் கழுவக் கொடுக்கிறவன். பிராங்பேர்ட்டுக்கு ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில், றைன் நதிக்கரையில் ஒரு நடுத்தர நகரம். பெயர் வேண்டாம். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

இந்த ஆண்டு அரங்கைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். பழைய அச்சகக் கட்டடம் ஒன்றில்தான் இலையுதிர்காலப் பருவம் முழுவதும் நடக்கிறது. என் வேலையை இப்போது பார்க்கும் பெண் போன மாதம் ரெலிபோன் எடுத்தாள். ஜேர்மன்காரர் சொல்வது எனக்கு எப்போதும் எங்கள் பேச்சிலேயேதான் ஞாபகத்தில் நிற்கும். அப்படியே எழுதிவிடுகிறேன்.

"ஹெர் தாசன், இங்க மேடைக்குப் பக்கத்தில நிக்கவே இடமில்லை. ஒரு திரையைக் கட்டித் தந்துபோட்டு இதுக்குள்ள மாத்துங்கோ எண்டு சொல்லுகினம். உங்கட காலத்தில ஆகக் கஷ்டமான மாத்தம் எது? எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?"

ஒரு மியூசிக்கலைப் பற்றிச் சொன்னேன். அதில் ஒருவர் தபால்காரனாக மேடையிலிருந்து இடது பக்கத்தால் உள்ளே வந்து, மேடைக்குப் பின்னால் ஓடி, இளவரசனாக வலது பக்கத்தால் மறுபடி மேடைக்குப் போகவேண்டும். காற்சட்டையைச் சப்பாத்துக்கு மேலே சுருட்டி நிலத்தில் வைத்திருப்போம், அவர் இரண்டு காலையும் நேரே அதற்குள் இறக்குவார். ஒருவர் காற்சட்டையை இழுத்து ஏற்ற, மற்றவர் சட்டையும் கோட்டும் ஒன்றாகத் தைத்த உடுப்பை முன்பக்கமாகப் போட்டு முதுகில் ஒட்டுப்பட்டியால் மூடுவார். அதற்குள் ஒலிப் பகுதிக்காரர் வந்து, இடுப்பில் கட்டியிருக்கும் ஒலிவாங்கிப் பெட்டி வியர்வையில் நனைந்துவிட்டதா என்று தடவிப் பார்ப்பார். மூன்று பேரின் ஆறு கைகளும் ஒரே மனிதனின் மேல். ஒருவர் கை ஒருவர் கையில் முட்டினால் இளவரசன் தபால்காரனாகவே மேடைக்குப் போகவேண்டியதுதான்.

அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். நான் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் உண்மையான பதிலும் இல்லை. என் வேலைக்காலத்தில் ஆகக் கஷ்டமான மாற்றத்துக்கு அவசரமே இருக்கவில்லை. ஒரு மனிதருக்கு ஒரு சாம்பல் நிற மேலங்கி. அவ்வளவுதான். வேண்டிய நேரம் இருந்தது. அதை அவளுக்கு ரெலிபோனில் சொல்ல முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளில் வந்து, அகதிகள் விடுதியில் இருந்து, உணவகங்களில் கோப்பை கழுவிய கதை எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இருக்கிறது. என்னுடையதில் விசேஷம் எதுவும் இல்லை. வேலைத் திணைக்களத்தில் சந்திக்க ஒரு நேரம் கிடைத்தபோது, என்ன தெரியும் என்று அங்கிருந்த அம்மா கேட்டார். கொழும்பில் சித்தப்பாவின் தையல்கடையில் இருந்திருக்கிறேன் என்றேன். பொத்தான் தைத்ததற்கு மேல் நான் அங்கே எதுவும் செய்ததில்லை. அவர் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு அரங்குக்கு அனுப்பினார். முதலில் ஸ்திரி போட்டேன், பிறகு சப்பாத்துத் துடைத்தேன், பிறகு கூட்டமாகப் பாடும் கோரஸ்காரருக்குக் கழுத்துப்பட்டி கட்டினேன். கடைசியில் தனிப்பாடகர்களின் அறைக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இந்த வேலையை விளங்கப்படுத்துவது பெரும்பாடு. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, என் நண்பன் அந்தோனி விட்டுவைக்கமாட்டான்.

"மச்சான், வளந்த ஆம்பிளைக்கு நீ காற்சட்டை போட்டு விடுறியே? அவைக்குக் கையில்லையே?"

"கை இருக்கு. ஆனா அவற்ர கவனம் முழுக்கப் பாட்டில இருக்கு."

றெஜினா அதற்குமேல் போவாள். "வீட்டில ஒரு நாள் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணி எடுத்துத் தந்திருப்பாரே? அங்க போய்க் குனிஞ்சு சப்பாத்துக் கட்டுறார்." அந்தோனிக்கு அன்றைய நாளுக்கு அது போதும்.

முதல் பிரீமியரிலேயே நான் மானத்தை வாங்கிக்கொண்டேன். ஒரு பாடகர் என் இடது தோளுக்கு மேலால் "தொய், தொய், தொய்" என்று மூன்று முறை துப்புவதுபோலச் செய்தார். நல்லதுக்குத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. வளர்ப்பு அப்படி, பெரிய புன்னகையோடு "டாங்கெ" என்றேன். அறையில் பேச்சு நின்றுவிட்டது. நன்றி சொன்னால் அந்த வாழ்த்து பலிக்காதாம். அவர் முகம் கறுத்து, என்னை வெளியே கூட்டிப்போய் மறுபடி முதலிலிருந்து துப்பி, நான் வாயை மூடிக்கொண்டு நின்ற பிறகுதான் ஆறுதலானார். வீட்டுக்கு வந்து யோசித்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு நாவூறு கழித்துத் துப்பும்போது எங்களில் யார் நன்றி சொல்கிறோம்?

என் மேலதிகாரி ஹெர் லிண்ட்னர். ஆண்கள் உடுப்பறை முழுவதற்கும் அவர்தான் தலைவர். ஒல்லி, உயரம், கோடையிலும் கறுப்புக் கம்பளிச் சட்டை, இடுப்பில் ஊசிநூல் பை. எங்கள் எல்லோருக்கும் கறுப்பு உடுப்பும் சத்தம் போடாத சப்பாத்தும்தான். ஆனால் அவர் எந்தச் சப்பாத்தோடு நடந்தாலும் சத்தம் வராது. பாடகரின் கதவை இரண்டு தரம் தட்டுவார். உள்ளே போவார். அதற்குப் பிறகு பாடகர் ஒரு வார்த்தை பேசும்வரை அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. எங்களுக்கும் அதுதான் சட்டம். பாடகர் தலைக்குள் எந்த இடத்தைப் பாடிக்கொண்டிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது, "இண்டைக்குக் குளிர் என்ன" என்று கேட்டு அதைக் குழப்பக்கூடாது.

"எங்கட வேலை கழுத்தோட முடிஞ்சுது," என்பார் லிண்ட்னர். "அதுக்கு மேல உள்ளது அவையின்ர."

ஒரு காட்சி நன்றாக இருந்தது, இல்லை என்று அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. அரங்கின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரை இன்டெண்டன்ற் என்பார்கள். அவர் நடைபாதையில் வந்து கதை கொடுத்தாலும் லிண்ட்னர் "நல்ல மாலை" என்று சொல்லிவிட்டு உடுப்புகளுக்குள் மறைந்துவிடுவார்.

மேலங்கியைப் பிடிக்கும் விதத்தை அவர் எனக்குக் காட்டித்தந்ததுபோல வேறெதையும் காட்டித்தரவில்லை. உயர்த்திப் பிடிக்கக்கூடாது. பாடகர் தோளை உயர்த்தினால் மூச்சு மேலே ஏறிவிடும், அதைக் கீழே இறக்க அவருக்குப் பாடு. இடுப்பளவில் பிடி. கைத்துவாரம் இரண்டும் அகலத் திறந்திருக்கவேண்டும். உள்துணி சுருண்டிருக்கக்கூடாது. பிறகு பேசாமல் நில். கையைத் தேடிப்பிடித்து உள்ளே திணிக்காதே.

"உடுப்பு மனிசனைத் தேடிப் போகக்கூடாது. மனிசன் தானா உடுப்புக்குள்ள வரவேணும்," என்பார்.

முதலில் எனக்கு இது பெரிய பகட்டாகப் பட்டது. கொஞ்ச நாளில் வித்தியாசத்தைக் கண்டேன். லிண்ட்னர் பிடித்த மேலங்கிக்குள் போனவர் வேறு மனிதராகத் திரும்பினார். நான் திணித்த மேலங்கிக்குள் போனவர் தோளைக் குலுக்கிக்கொண்டே நடந்தார். லிண்ட்னரைப்போல வேலை தெரிந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

யூரோ வந்து கைக்குப் பழகிவிட்டிருந்த ஆண்டுகளில் நான் ஹெர் புருன்னருக்குப் பொறுப்பாக இருந்தேன். பாரிட்டோன், அதாவது நடுத்தரக் கனமுள்ள ஆண்குரல். பருத்த உடம்பு, சின்னக் கண். மேடையில் அரசனாகவும் கொலைகாரனாகவும் வருகிறவர். அறையில் அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை உப்பில் தொட்டுச் சாப்பிடுவார். காட்சிக்கு முன் அவருடைய சாப்பாடு அவ்வளவுதான். என் மகள் கோவிலில் முதல் நன்மை வாங்குவது எப்போது என்று கேட்டு ஞாபகம் வைத்திருந்து, ஒரு மெழுகுதிரி வாங்கித் தந்தார். கழற்றிய காற்சட்டையை நிலத்தில் போடாமல் மடித்துத் தருகிற பாடகர் எனக்குத் தெரிய அவர் ஒருவர்தான்.

இலையுதிர்காலத்தைப் பார்வையாளர்கள் பிரீமியர்களின் காலம் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது கடிதங்களின் காலம். ஜேர்மன் அரங்குகளில் பாடகரின் ஒப்பந்தம் ஆண்டுக்கு ஆண்டு தானாக நீளும். நீட்டப்போவதில்லை என்றால் ஒக்டோபர் முடிவதற்குள் அறிவித்துவிடவேண்டும். ஆகவே ஒக்டோபர் மாதத்தில் எல்லோரும் புதிய நாடகத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள், வாசற்காவலரின் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கடிதப் பெட்டியைப் பார்க்காததுபோலப் பார்ப்பார்கள். ஒருவர் ஒரே அரங்கில் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டால் பிறகு அவரை இலேசில் அனுப்ப முடியாது. அதனால் அந்தக் கோட்டுக்குக் கிட்ட வருகிறவருக்குத்தான் பயம் அதிகம்.

புருன்னர் அந்தக் கோட்டுக்குக் கிட்ட நின்றார். போதாததற்கு அந்த ஆண்டு இன்டெண்டன்ற் புதியவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண்மணி, கூர்மையான ஆள், நேரே பேசுகிறவர். தன்னோடு இளம் பாடகர்களைக் கொண்டுவருவார் என்று நடைபாதை முழுவதும் பேச்சு. ஐம்பதைத் தாண்டிய ஒரு பாரிட்டோனை இன்னொரு அரங்கு எடுப்பது அபூர்வம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பருவத்தின் பெரிய ஓபராவில் மகளைத் தேடி அலையும் தந்தையின் வேடம் புருன்னருக்கு. அவர் பாடுவதை அந்த அம்மா முழுமையாகக் கேட்கப்போவது அந்த பிரீமியரில்தான். ஒத்திகைகளில் எல்லாப் பாடகரையும்போல அவரும் அரைக்குரலில்தான் பாடியிருந்தார்.

பிரீமியர் நாள் மத்தியானம் உடுப்புகளை ஒழுங்குபடுத்தப் போனேன். வாசற்காவலர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைத் தொண்டையில் வைத்துக் காட்டினார். எனக்குப் புருன்னர் என்று உடனே விளங்கிவிட்டது. நான்கு நாளாக அவருக்கு இருமல். றெஜினா கொத்தமல்லித் தண்ணி அவித்துத் தர, கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன், முகத்தைச் சுழித்துக்கொண்டு குடித்தார். அதற்கெல்லாம் அடங்குகிற சளியாக அது இருக்கவில்லை. குரல்நாண் வீங்கிக் கிடக்கிறது, இன்றைக்குப் பாடினால் குரல் திரும்பாமலே போகலாம், ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அரங்கு ரெலிபோன்களில் தொங்கியது. கடைசியில் வேறொரு நகரத்தில் ஒருவர் அகப்பட்டார். யூன் என்ற கொரியாக்காரர், படித்து முடித்து ஓரிரு ஆண்டு ஆன பாடகர். அந்த வேடத்தின் பாட்டு முழுவதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் எங்கள் மேடையில் எங்கே நிற்பது, எந்தப் படியில் ஏறுவது, சுழலும் மேடையில் எப்போது கால் வைப்பது என்று ஒன்றும் தெரியாது. அதைக் கற்பிக்க அன்றைக்கு நேரமும் இல்லை. யூன் ஜீன்ஸோடும் முதுகுப் பையோடும் ரயிலால் இறங்கி ஓடிவந்தார். கோரஸ்காரர் ஒருவரின் கறுப்பு உடுப்பை எடுத்து, காற்சட்டைக் கால்களை ஊசியால் மடித்துக் குத்திக்கொடுத்தேன். அவருடைய கை பனிக்கட்டிபோல இருந்தது.

இன்டெண்டன்ற் புருன்னரின் அறைக்கு வந்தபோது நான் சப்பாத்துகளோடு மூலையில் நின்றேன்.

"ஹெர் புருன்னர், ஒரே ஒரு வழிதான் இருக்கு," என்றார் அவர். "நீங்கள் மேடையில நடிக்கவேணும். வாயை மட்டும் அசைக்கவேணும். அவர் பக்கத்தில நிண்டு பாடுவார். ஏலாது எண்டால் நான் பிரீமியரை நிப்பாட்டுறன். ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம். யோசியுங்கோ."

நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு அந்த அறையில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். மேடைக்குப் போகாவிட்டால், புதிய தலைவியின் முதல் பெரிய பிரீமியரை நிறுத்திய ஆள் புருன்னர். போனாலோ, தன் இடத்துக்கு வரக்கூடிய இளைஞனைத் தானே மேடைக்குக் கூட்டிப்போய்க் காட்டிய ஆள். இடையில் ஒக்டோபர் முடிய இரண்டு கிழமைகூட இல்லை.

அவர் உள்சட்டையோடு கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். நான் குனிந்து காலுறை போட்டேன், காலைத் தந்தார். எழுந்து நின்றபோது காற்சட்டையை ஏற்றினேன், சட்டையைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினேன், அதற்கு மேல் போடும் கையில்லாத மேல்கச்சையைப் பின்னால் இழுத்துக் கட்டினேன். எல்லாவற்றுக்கும் உடம்பைத் தந்தார், முகத்தைத் தரவில்லை. பிறகு அந்தச் சாம்பல் நிற மேலங்கியை எடுத்து, லிண்ட்னர் காட்டியபடி இடுப்பளவில் விரித்துப் பிடித்தேன். அவர் திரும்பவில்லை.

பக்கத்து அறையில் யூன் குரலைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கூடாக வந்த அந்தக் குரலை என்ன சொல்ல? அழகான குரல். இளமையான, எந்தக் கீறலும் இல்லாத குரல். இவ்வளவு நன்றாகப் பாடாமல் இருந்தால் என்ன என்றுகூட நினைத்தேன். கண்ணாடிக்குள் புருன்னரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மேலங்கி கனமானது. உள்ளே கம்பளித் துணி, நேராகத் தொங்க ஓரத்தில் ஈயக் குண்டு. ஒலிபெருக்கியில் மேடை மேலாளரின் குரல் கோரஸைத் தயாராகச் சொன்னது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. போங்கோ என்று சொல்லவா, போகவேண்டாம் என்று சொல்லவா? எனக்கே தெரியவில்லை. கதவடியில் லிண்ட்னர் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், மேலங்கியைப் பார்த்தார். நான் கையை இறக்கவில்லை.

அப்போதுதான் பக்கத்து அறையில் யூன் ஒரு நீண்ட இடத்தில் மூச்சு முட்டி நின்றார். தந்தை மகளை அடையாளம் காணும் இடம். மறுபடி தொடங்கினார், மறுபடியும் அதே இடத்தில் குரல் மெலிந்து அறுந்தது. மூன்றாம் தரம் பயம் கேட்டது. அந்தப் பயத்தைக் கேட்டதும் புருன்னர் கண்ணைத் திறந்தார். முகம் மாறியது. பக்கத்து வீட்டில் குழந்தை இருமினால் ஒரு தாய் தலையைத் திருப்புவாள் அல்லவா, அப்படித் திருப்பினார். மேல்கச்சையோடு அப்படியே எழுந்து, லிண்ட்னரைத் தாண்டி, பக்கத்து அறைக்குள் போனார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் விரித்த மேலங்கியோடு பின்னால் போனேன்.

யூன் மிரண்டு எழுந்தார். புருன்னர் ஒரு கையை அவருடைய முதுகின் கீழ்ப்பக்கத்தில் வைத்தார், மற்றக் கையால் யூனின் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்தார். குரல் இல்லாமல் வாயை மட்டும் அசைத்து அந்த இடத்தைத் தொடங்கினார். யூன் மூச்செடுத்த இடத்தில் அவர் எடுக்கவில்லை. இரண்டு சொல் முன்னதாக, யாரும் எதிர்பாராத ஒரு இடத்தில், விலா அகல ஒரு பெரிய மூச்சு. யூனின் கை அதோடு நகர்ந்ததை நான் பார்த்தேன். யூன் தலையாட்டினார். பாடினார். அந்த நீண்ட இடம் இந்த முறை கடைசிவரை போய், மெல்ல இறங்கி, முடிந்தது.

புருன்னர் அவருடைய முதுகில் தட்டிவிட்டுத் திரும்பினார். திரும்பிய இடத்தில் நான் மடையனைப்போல மேலங்கியை விரித்துப் பிடித்தபடி நின்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பி, இரண்டு கையையும் பின்னால் நீட்டி உள்ளே விட்டார். மேலங்கி தோளில் போய் அமர்ந்தது. அவ்வளவுதான், அவர் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லிண்ட்னர் நடைபாதையில் நடந்து போவது கேட்டது. முதல் தடவையாக அவருடைய சப்பாத்துச் சத்தம் கேட்டது.

திரை எழுவதற்கு முன் இன்டெண்டன்ற் தனியாக முன்னால் வந்து நின்றார். ஜேர்மன் பார்வையாளருக்கு அதன் அர்த்தம் தெரியும். யாருக்கோ சுகமில்லை. சபை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. அவர் விஷயத்தைச் சொன்னார். பிறகு இசை தொடங்கியது.

மேடையின் வலது ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு, ஒரு இசைப் பலகை, அதற்குப் பின்னால் யூன். நான் இடது பக்கத்து இருட்டில். அங்கிருந்து எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள். மற்றவர்கள் என்ன கண்டார்களோ தெரியாது, நான் ஒன்றைக் கண்டேன். சில இடங்களில் புருன்னர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும் என்று ஒத்திகையில் சொல்லியிருந்தார்கள். அந்த இடங்களிலெல்லாம் அவர் முதுகை யூன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். எங்கே மூச்செடுக்கவேண்டுமோ அதற்குச் சற்று முன் அவருடைய தோளும் விலாவும் அகன்றன. மகளைத் தேடுகிற தந்தை பெருமூச்சு விடுகிறான் என்றுதான் சபை நினைத்திருக்கும். யூன் அந்த முதுகை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு மனிதர் பாட்டு முழுவதையும் சத்தம் இல்லாமல் பாடினார், இன்னொருவர் அதைச் சத்தமாக்கினார். மகளை அடையாளம் காணும் அந்த இடம் வந்தபோது நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஒன்றாக மூச்செடுத்தார்கள். அறுபடவில்லை. எனக்குக் கண்ணீர் வந்தது, மறைக்கவில்லை, இருட்டுத்தானே.

முடிவில் கைதட்டல் யூனுக்குத்தான் இடியாக விழுந்தது. அது நியாயம். ரயிலால் இறங்கி வந்து ஒரு முழு ஓபராவைக் காப்பாற்றிய இளைஞனுக்கு எந்தச் சபையும் அப்படித்தான் தட்டும். புருன்னர் மேடையிலேயே நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தி, சபையோடு சேர்ந்து அவருக்குத் தட்டினார். அதைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவரை அனுப்பும் கடிதம் எழுதியாகிவிட்டது என்றும் பட்டது.

அறைக்கு வந்தோம். பக்கத்து அறையில் கூட்டம், சிரிப்பு, போத்தல் திறக்கும் சத்தம். இன்டெண்டன்றின் குரலும் அங்கேதான் கேட்டது. புருன்னர் கதிரையில் இருந்தபடி முகத்து வண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யூனின் உடுப்பை நான் ஏற்கெனவே வாங்கி வந்திருந்தேன், கழுத்துப்பட்டியிலும் அக்குளிலும் நனைந்திருந்தது. இப்போது புருன்னரின் மேலங்கியைக் கழற்றினேன். மேல்கச்சையைக் கழற்றினேன். சட்டையைக் கழற்றியபோது என் கை அப்படியே நின்றது. அது நனைந்திருக்கவில்லை, ஊறியிருந்தது. முதுகும் விலாவும் கைமடிப்பும் ஒரு காய்ந்த இடமில்லை. ஓரத்தைப் பிடித்தபோது நிலத்தில் சொட்டியது. ஒரு சுரம்கூடப் பாடாத மனிதரின் சட்டை.

லிண்ட்னர் அதை என் கையிலிருந்து வாங்கினார். ஒருமுறை தூக்கிப் பார்த்தார். அந்த நேரம் இன்டெண்டன்ற் கதவடிக்கு வந்தார், இன்னும் பக்கத்து அறையின் சிரிப்பு முகத்தில் இருந்தது. லிண்ட்னர் "நல்ல மாலை" சொல்லவில்லை. உடுப்புகளுக்குள் மறையவும் இல்லை. அந்தச் சட்டையை இன்டெண்டன்றின் இரண்டு கையிலும் வைத்தார். அப்புறம் ஒதுங்கி நின்றார்.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். அவருடைய நல்ல பட்டு உடுப்பில் வியர்வை சொட்டியது. அதை அவர் கவனிக்கவில்லை. கதிரையில் இருந்த முதுகைப் பார்த்தார், மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல இறங்கிப்போனது. சட்டையை விடாமலே உள்ளே வந்து, புருன்னருக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஹெர் புருன்னர், நாளைக்கும் நாளையிண்டைக்கும் ஒரு சொல்லும் கதைக்காதேங்கோ. குரல் முழுக்க வந்தாப் பிறகு வாங்கோ. இதை நீங்கள் பாடி நான் கேக்கவேணும். இந்த வருசம் மட்டும் இல்லை."

புருன்னர் பேசக்கூடாது. முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்துவிட்டு, கண்ணாடியில் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பாதி முகத்தில் தந்தையின் வண்ணம், பாதி முகத்தில் அவர்.

ஒக்டோபர் முடிந்தது. அந்த ஆண்டு கடிதம் வந்தவர்கள் இருந்தார்கள், அதை மறைக்கமாட்டேன். புருன்னருக்கு வரவில்லை. நவம்பர் முதலாம் திகதி, சகல புனிதர் பெருநாள் காலை பூசைக்குப் போய்விட்டு வேலைக்கு வந்தபோது வாசற்காவலர் எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். யூனை வேறொரு நகரத்தின் அரங்கு அந்தக் குளிர்காலமே ஒப்பந்தம் செய்துகொண்டது. போகுமுன் வந்து, புருன்னரின் அறையில் நெடுநேரம் இருந்துவிட்டுப் போனார்.

அந்தப் பெருநாள் அன்றைக்கே ஸ்திரி மேசையில் லிண்ட்னரிடம் கேட்டேன்.

"ஹெர் லிண்ட்னர், நீங்கள் அந்தச் சட்டையை அவவின்ர கையில குடுத்ததாலதானே கடிதம் வரேல்லை?"

அவர் ஸ்திரியை நிறுத்தவில்லை. "நான் ஒண்டும் சொல்லேல்லை. உடுப்பைக் கழுவக் கொண்டு போனன். அவ வழியில நிண்டா."

அந்த ஓபரா வசந்தகாலம் வரை ஓடியது. குரல் திரும்பிய பிறகு எல்லா மாலைகளிலும் புருன்னரேதான் பாடினார், நன்றாகவே பாடினார். ஒவ்வொரு முறையும் சட்டையைக் கழற்றும்போது என் கை தானாகவே தடவிப் பார்க்கும். முதுகில் கொஞ்சம் ஈரம், கழுத்தில் கொஞ்சம். பாடாமல் நின்ற அந்த மாலை நனைந்ததுபோல அது ஒருநாளும் நனையவில்லை.